நவூருவும் சேமித்த நாடுதான்

மூணு வருஷம் முன்னாடி நம்ம சேனல்ல நவூரு பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தேன். சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். தம்ப்நெயில்ல ஒரு ஸ்போர்ட்ஸ் கார், பக்கத்துல பெரிய எழுத்துல "ஊதாரி நாடு". உலகத்திலேயே பணக்கார நாடுகள்ல ஒண்ணா இருந்த குட்டித் தீவு, சேமிக்கத் தெரியாம நடுத்தெருவுக்கு வந்துச்சு, அதனால நீங்க ஒழுங்கா எஸ்ஐபி போடுங்க. இதுதான் அதுல சொன்னது. நல்லா ஓடுச்சு.

அந்த வீடியோ தப்பு. தகவல் ஒண்ணு ரெண்டு தப்பா இருந்திருந்தா கீழே ஒரு திருத்தம் போட்டு முடிச்சிருப்பேன். அடிப்படையே தப்பு. நவூரு சேமிக்காத நாடு இல்லை. சேமிச்ச நாடு.

சரி, முதல்ல தீவுகளோட அளவுல இருந்து ஆரம்பிக்கிறேன். பரப்பளவு வச்சு வரிசைப்படுத்தின பட்டியலைப் பார்க்கிறது எனக்கு ஒரு பைத்தியம். ஆடிட் சீசன்ல மூளை சூடாயிடுச்சுன்னா அதைத் திறந்து வச்சுக்குவேன். நவூரு 21 சதுர கிலோமீட்டர். துவாலு 26. ரெண்டுமே பசிபிக் கடல்ல இருக்கிற, ஐ.நா.வில் தனி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற சுதந்திர நாடுகள். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். இந்த ரெண்டு நாட்டையும் சேர்த்து உள்ளே வச்சா மிச்சம் இருக்கிற இடத்துல இன்னும் ஏழெட்டு தடவை வைக்கலாம்.

சதுர கிலோமீட்டர் நமக்கு ஒட்டாத அளவு, அதனால சென்ட்ல சொல்றேன். 21 சதுர கிலோமீட்டர்னா ஏறக்குறைய 5,200 ஏக்கர். சுமார் 12,000 பேர் இருக்காங்க. ஆளுக்கு 43 சென்ட். துவாலுல கிட்டத்தட்ட 6,400 ஏக்கர், பத்தாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல. ஆளுக்கு 60 சென்ட். பெரிய வித்தியாசம் இல்லைன்னு தோணும்.

ஆனா இந்த 43 சென்ட் இருக்கே, அது சிடிசி மாதிரி. ஆஃபர் லெட்டர்ல இருக்கும், கைக்கு வராது. நவூரு ஒரே தீவு. அதோட நடுமேட்டை, அதாவது மொத்த நிலத்துல ஏறத்தாழ ஐந்துல நாலு பங்கை, பாஸ்பேட்டுக்காக நோண்டி எடுத்தாச்சு. பாஸ்பேட்டை அள்ளின பிறகு மிச்சம் நிக்கிறது சுண்ணாம்புப் பாறைத் தூண்கள், பல்லு பல்லா. அங்க வீடும் கட்ட முடியாது, விவசாயமும் பண்ண முடியாது. மக்கள் வாழ்றது கடற்கரையை ஒட்டின ஒரு பட்டைல. அந்தப் பட்டையை மட்டும் கணக்குல எடுத்தா ஆளுக்கு எட்டு ஒன்பது சென்ட் தேறும். இதுதான் இன்-ஹேண்ட்.

துவாலுல நோண்டுறதுக்கு ஒண்ணுமே இல்லை. ஒன்பது தீவுகள், எல்லாம் பவளத்திட்டு, மணல், தென்னை. அதனால 60 சென்டும் 60 சென்டாவே இருக்கு. சொல்லப்போனா, 1971-ல இருந்து 2014 வரைக்கும் எடுத்த வான்வழி, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆக்லாந்து பல்கலைக்கழகத்துக்காரங்க செஞ்ச ஆய்வுல துவாலுவோட நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்குன்னு வந்துச்சு. அலை கொண்டுவந்து போடுற மணலும் பவளத்துண்டும்தான் காரணம். கடல்மட்டம் உயர்றதுல முதல்ல மூழ்கப்போற நாடுன்னு எல்லாரும் சொல்ற ஊர் அது. அந்த ஆபத்து பொய்னு அர்த்தம் இல்லை. நிலத்தடி நீர்ல உப்பு ஏறுறது, பெரிய அலை நாள்ல தண்ணி உள்ளே வர்றது எல்லாம் நடந்துக்கிட்டுதான் இருக்கு. பரப்பளவுங்கிற ஒரே எண் அதையெல்லாம் காட்டாது, அவ்வளவுதான்.

இப்ப நவூரு கணக்குக்கு வருவோம்.

பாஸ்பேட் வெட்ட ஆரம்பிச்சது 1900-களோட தொடக்கத்துல. முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூணும் சேர்ந்து ஒரு கமிஷன் அமைச்சு அதை நடத்துனாங்க. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விவசாயிகளுக்கு உரமா, சந்தை விலைக்குக் கீழேயே போச்சு. நவூரு மக்களுக்குக் கிடைச்சது சொற்பம். நான் என் வீடியோல இதைச் சொல்லவே இல்லை. 1968 ஜனவரி 31-ல சுதந்திரம். அதுக்குள்ள தீவுல நல்ல பங்கு காலி. சுரங்கத்தோட சொத்தையும் சும்மா கொடுக்கலை, 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்துச்சு. தன் வீட்டையே தான் காசு கொடுத்து வாங்கின மாதிரி.

அதுக்கப்புறம்தான் அந்த வசந்த காலம். 1970-கள்ல பாஸ்பேட் விலை ஏறுச்சு. தலா வருமானத்துல உலகத்தோட முன்வரிசைல நவூரு. வருமான வரி கிடையாது. படிப்பும் மருத்துவமும் இலவசம். சொந்தமா ஒரு விமான நிறுவனம்.

இந்த இடத்துலதான் என் வீடியோ "எல்லாத்தையும் தின்னே தீர்த்தாங்க"ன்னு சொல்லிச்சு. இல்லை. பாஸ்பேட் ஒருநாள் தீரும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். அதுக்காகவே ஒரு ராயல்டி அறக்கட்டளை வச்சு, வருமானத்துல ஒரு பங்கை வருஷாவருஷம் அதுல போட்டாங்க. உச்சத்துல அது நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல இருந்ததா மதிப்பிடுறாங்க. பத்தாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊருக்கு அது. உங்க ஆபீஸ்ல ஒழுங்கா எஸ்ஐபி போடுற ஒருத்தரை நினைச்சுக்கோங்க. நவூரு அவரைவிட ஒழுங்கு.

அப்புறம் என்ன ஆச்சு?

பணம் உள்ளே போறதுக்கு ஒரு வழி இருந்துச்சு. வெளியே வர்றதுக்கு நூறு வழி இருந்துச்சு. அறக்கட்டளைப் பணத்துல மெல்போர்ன்ல 52 மாடிக் கட்டடம் கட்டி, 1977-ல திறந்தாங்க. வெளிநாட்டுல ஹோட்டல், நிலம். கட்டடம் வாங்கினது குத்தம்னு நான் சொல்ல மாட்டேன், அதுவும் முதலீடுதான். லண்டன்ல லியோனார்டோ டாவின்சியைப் பத்தி ஒரு இசை நாடகத்துக்குப் பணம் போட்டாங்க, 1993-ல. சில வாரத்துலேயே மூடியாச்சு. வேணும்னா அதைப் பாத்து சிரிச்சுக்கலாம், நான் வீடியோல நாலு நிமிஷம் சிரிச்சேன். ஆனா கவுத்தது நாடகம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அரசோட வரவுக்கு மேல செலவு போச்சு. துண்டு விழுந்ததை அறக்கட்டளைச் சொத்தைக் காட்டிக் கடன் வாங்கி அடைச்சாங்க. பாஸ்பேட் குறையக் குறைய, துண்டு பெருசாச்சு, கடனும் பெருசாச்சு. 2004-ல கடன் கொடுத்தவங்க வந்து உட்கார்ந்தாங்க. மெல்போர்ன் கட்டடம் உட்பட சொத்துகள் கைமாறிப் போச்சு. உள்ளூர் வங்கி முடங்கி, மக்கள் போட்ட பணத்தை எடுக்க முடியாம தவிச்சாங்க. அப்படி ஒரு நாட்டுக்குக் கடைசில வந்த வருமானம், ஆஸ்திரேலியா தன் எல்லைக்கு வர்ற அகதிகளை அடைச்சு வைக்க 2001-ல இருந்து அங்க முகாம் நடத்தக் கொடுத்த பணம்.

கணக்குப் பாஷைல ஒரே வரி: மூலதனச் சொத்தை வித்துட்டு அதை வருமானம்னு எழுதினாங்க. பாஸ்பேட் வித்த காசு சம்பளம் இல்லை. நிலத்தை டன் டன்னா வித்த காசு. திரும்ப வராது. அதுல ஒரு பகுதியை சேமிச்சாங்க, சரி, ஆனா அந்தச் சேமிப்புல எவ்வளவு எடுக்கலாம்னு கையைக் கட்டிப்போடுற விதி எதுவும் பிடிச்சு நிக்கலை.

துவாலுவோட கதை இதுக்கு நேர் எதிர்த் திசைல தொடங்குது. அது முன்னாடி எல்லிஸ் தீவுகள்ங்கிற பேர்ல, கில்பர்ட் தீவுகளோட ஒரே பிரிட்டிஷ் காலனியா இருந்துச்சு. 1974-ல வாக்கெடுப்பு வச்சு, தனியாப் போறோம்னு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல சொன்னாங்க. பாகப்பிரிவினை ஆச்சு. அந்தக் காலனிக்கும் பாஸ்பேட் வருமானம் இருந்துச்சு, பனாபான்னு ஒரு தீவுல இருந்து. அதுல எல்லிஸுக்குப் பங்கு கிடையாதுன்னுட்டாங்க. கொடுத்தது ஒரு கப்பல். ஒரே ஒரு கப்பல். நம்ம ஊர்ல பாகப்பிரிவினைல கோவிச்சுக்கிட்டு தனிக்குடித்தனம் போற தம்பிக்கு ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்து அனுப்புற மாதிரி. 1978 அக்டோபர் 1-ல சுதந்திரம்.

கையில ஒண்ணும் இல்லை. வருஷா வருஷம் பட்ஜெட்டுக்கு வெளிநாட்டுக்கிட்டே கை நீட்டணும். அதனால 1987-ல ஒரு யோசனை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துக்கிட்டே இருக்கிறதுக்குப் பதிலா, மொத்தமா ஒரு நிதில போடட்டும், அதோட வருமானத்துல நாங்க ஓட்டிக்கிறோம். துவாலுவும் தன் பங்கா கொஞ்சம் போட்டுச்சு. தொடக்கத்துல 2.71 கோடி ஆஸ்திரேலிய டாலர். நவூருவோட நிதி பக்கத்துல வச்சா சில்லறை.

அந்த நிதியோட விதியைத்தான் நீங்க நிதானமா படிக்கணும்னு ஆசைப்படுறேன். எனக்கு இது ஒரு அழகான விதி. எங்க படிப்புல இதை ஏன் சொல்லிக்கொடுக்கலைன்னு இன்னும் ஆதங்கம்.

நிதிக்குள்ள ரெண்டு கணக்கு, ஏ-ன்னும் பி-ன்னும் வச்சுக்கோங்க. ஏ-ல இருக்கிறது முதல். ஒவ்வொரு வருஷமும் அந்த முதலை ஆஸ்திரேலியாவோட விலைவாசி உயர்வு எவ்வளவோ அவ்வளவு உயர்த்திக் கணக்குப் போடுவாங்க. பணமா உயர்த்துறது இல்லை, கோட்டை உயர்த்துறது. இந்தக் கோட்டுக்கு மேல ஏ-வோட சந்தை மதிப்பு எவ்வளவு நிக்குதோ, அதுதான் அந்த வருஷ வருமானம். அது மட்டும் பி-க்குப் போகும். அரசு செலவுக்கு எடுக்கிறது பி-ல இருந்துதான். சந்தை கோட்டுக்குக் கீழே போச்சுன்னா அந்த வருஷம் பி-க்கு ஒரு பைசா போகாது. நல்ல வருஷத்துல பி-ல சேர்த்து வச்சதை வச்சு ஓட்டிக்கணும்.

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு சில வருஷம் அப்படித்தான் ஆச்சு. ஒண்ணும் வரலை. பிரதமரே நினைச்சாலும் ஏ-ல கை வைக்க முடியாது, ஏன்னா நிர்வாகக் குழுவுல பணம் கொடுத்த நாடுகளும் உட்கார்ந்திருக்கு. இப்ப அந்த நிதி 15 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியாச்சு. இடையில இன்னும் பங்களிப்பு வந்ததும் அதுல சேரும், முழுக்க வட்டி இல்லை.

நடுவுல அவங்களுக்கு ஒரு லாட்டரியும் விழுந்துச்சு. நாடுகளுக்கு இரண்டெழுத்து இணையக் குறியீடு கொடுத்தப்ப துவாலுவுக்கு வந்தது ".டிவி". அதை வாடகைக்கு விட்டு, 2000-ல போட்ட ஒப்பந்தம் 12 வருஷத்துச் சொச்சத்துக்கு 5 கோடி அமெரிக்க டாலர். ஐ.நா.வில் அதே வருஷம் சேர்றதுக்கு அந்தக் காசும் உதவுச்சு. கவனிங்க, அவங்க அதை விக்கலை. வாடகை. ஒப்பந்தம் முடிஞ்சதும் அடுத்தவங்கிட்ட கூடுதல் வாடகை பேசலாம். பேசினாங்க. நீங்க பார்க்கிற நிறைய வீடியோத் தளங்களோட முகவரி ".டிவி"ன்னு முடியுதே, அதுல ஒரு துளி அந்த 26 சதுர கிலோமீட்டருக்குப் போகுது.

இதுக்கு நீங்க ஒரு ஆட்சேபம் சொல்லலாம், சொன்னா நியாயம்தான். துவாலுவுக்குப் பணம் மத்தவங்க போட்டது. நவூரு தன் நிலத்தை வித்துச் சம்பாதிச்சது. தானம் கொடுத்தவன் விதி போடுவான், சொந்தப் பணத்துக்கு யார் விதி போடுறது? உண்மை. அதோட நவூரு கையில சுரங்கம் வர்றதுக்கு முன்னாடியே அறுபது வருஷம் மத்தவங்க அள்ளினாங்க. 1989-ல சர்வதேச நீதிமன்றத்துல ஆஸ்திரேலியா மேல நவூரு வழக்குப் போட்டு, 1993-ல 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு சமரசம் ஆச்சு. தப்பே இல்லாதவன் சமரசத்துக்கு வரமாட்டான்னு நான் நினைக்கிறேன். அதனால ரெண்டு தீவையும் பக்கத்துல நிறுத்தி ஒண்ணை நல்ல பிள்ளை, இன்னொண்ணை கெட்ட பிள்ளைன்னு மார்க் போட எனக்கு இப்ப விருப்பம் இல்லை.

ஆனா அந்த ஆட்சேபத்துக்குப் பதிலா மூணாவதா ஒரு தீவு நாடு இருக்கு. கிரிபாட்டி. உள்ளூர்ல கிரிபாஸ்னு சொல்லணும். நான் முதல் தடவை தப்பாத்தான் சொன்னேன். 811 சதுர கிலோமீட்டர், அதுல பாதிக்குக் கொஞ்சம் குறைவா ஒரே தீவுல. மேலே சொன்ன பாகப்பிரிவினைல பனாபாவோட பாஸ்பேட் இவங்க பக்கம் நின்னுச்சு. 1956-லயே, பிரிட்டிஷ் காலத்துலயே, பாஸ்பேட் வரில ஒரு பங்கை ஒதுக்கி ஒரு நிதி ஆரம்பிச்சாங்க. 1979-ல பாஸ்பேட் தீர்ந்துச்சு. அதே வருஷம் சுதந்திரம். சுரங்கம் மூடின அன்னைக்கு அந்த நாட்டுக்கு மிஞ்சினது அந்த நிதிதான். இன்னைக்கு அது நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல. அவங்களும் சில வருஷம் அளவுக்கு மேல எடுத்திருக்காங்க, ஆனா மொத்தமா கரைக்கலை. சொந்த நிலத்தை வித்த காசுலயும் இதைச் செய்ய முடியும்னு காட்டுது. "சொந்த நிலம்"னு சொல்றதும் முழுசா சரியில்லை. பனாபா மக்களை 1945-ல ஃபிஜில இருக்கிற ரம்பின்னு ஒரு தீவுக்குக் கொண்டுபோய் இறக்கிட்டாங்க. அவங்க நிலத்தை நோண்டின காசுதான் இந்த நிதியோட விதை. அவங்க லண்டன் கோர்ட் வரைக்கும் போனாங்க. இதைச் சேர்த்துச் சொல்லாம கிரிபாட்டியைப் பாராட்டினா, நான் அடுத்த வருஷம் இன்னொரு திருத்தப் பதிவு எழுத வேண்டியிருக்கும்.

இன்னொண்ணு. கிரிபாட்டிக்கு நிலம் 811. ஆனா அதுக்கு உரிமையுள்ள கடல் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவோட மொத்தப் பரப்பே கிட்டத்தட்ட 33 லட்சம்தான். சூரை மீன் பிடிக்க வர்ற வெளிநாட்டுக் கப்பல்கிட்ட நவூரு, துவாலு, கிரிபாட்டி எல்லாம் சேர்ந்து, நாள் கணக்குல வாடகை வாங்குறாங்க, ஒரு நாளைக்குக் குறைஞ்சபட்சம் 8,000 அமெரிக்க டாலர்னு விலை வச்சு. முன்னாடி ஒவ்வொரு நாடா தனியாப் பேசினப்ப கிடைச்சது இதுக்குக் கிட்டயே வராது. நிலப்பரப்புப் பட்டியல்ல இந்த நாடுகளைத் தேடுறவங்களுக்கு அவங்க சொத்து கண்ணுலயே படாது.

சரி, உங்க கணக்கு.

எங்கிட்ட வர்ற இருபத்தி ஏழு, இருபத்தி எட்டு வயசுப் பசங்க யாரும் சேமிக்காதவங்க இல்லை. இதை நான் அழுத்திச் சொல்றேன். உங்க தலைமுறையை ஊதாரின்னு திட்டுற வீடியோ போதும் போதும்னு ஆயிடுச்சு, நானும் ரெண்டு மூணு போட்டிருக்கேன். மாசம் அஞ்சாம் தேதி எஸ்ஐபி போகுது. பிஎஃப் பிடிக்கிறாங்க. ஆர்டி இருக்கு. ஆனா கம்பெனி மாறும்போது பழைய பிஎஃப்பை மாத்தாம எடுத்துடுறீங்க, அஞ்சு வருஷத் தொடர் சேவை முடியாம எடுத்தா வரி வரும்னு தெரிஞ்சும். மியூச்சுவல் ஃபண்ட்ல லாபம் பச்சையா தெரிஞ்சா, "லாபத்தை மட்டும் எடுத்தேன் சார்"ங்கிறீங்க. போன மாசம் ஒரு தம்பி, நாலு வருஷம் விடாம போட்டவர், மொத்தத்தையும் எடுத்து பைக் வாங்கிட்டு, "முதலை மறுபடி போட்டுக்கலாம் சார்"னார். அவர் நவூரு மாதிரிதான். உள்ளே போற வழி ஒழுங்கா இருக்கு.

"லாபத்தை மட்டும்"கிற வார்த்தையை துவாலு கணக்குல போட்டுப் பாப்போம். பத்து லட்சம் எஃப்டி, ஏழு சதவீதம்னு வச்சுக்கோங்க. வட்டி 70,000. நீங்க முப்பது சதவீத வரி வரம்புல இருந்தா, செஸ்ஸோட சேர்த்து 21,840 போயிடும். மிச்சம் 48,160. விலைவாசி அஞ்சு சதவீதம் ஏறியிருந்தா உங்க கோடு 10,50,000-க்கு ஏறணும். உங்ககிட்ட இருக்கிறது 10,48,160. கோட்டுக்குக் கீழே 1,840 ரூபாய். அதாவது அந்த வருஷம் உங்க லாபம் பூஜ்யம் கூட இல்லை. அந்த 48,000-த்தை எடுத்து கோவா போனா, நீங்க போனது வட்டில இல்லை, முதல்ல. இருபது சதவீத வரம்புல இருக்கிறவருக்கு இதே கணக்குல 5,440 ரூபாய் தேறும். நல்ல ஹோட்டல்ல ஒரு நாள் ரூம்.

எஃப்டி வேண்டாம்னு சொல்ல இதை எழுதலை. அவசர நிதிக்கு அதுதான் சரி. "வட்டி வந்துச்சு"ன்னா அது செலவுக்கான காசுன்னு நம்ம வீட்டுல அப்பா காலத்துல இருந்து ஒரு நினைப்பு இருக்கே, அது மேலதான் எனக்குச் சண்டை.

நான் என் கணக்குல என்ன பண்றேன்னு கேட்டா சொல்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் முதல் வாரம், ஒரு நோட்டுல ரெண்டே எண் எழுதுவேன். ஒண்ணு, அந்த வருஷக் கோடு. போன வருஷக் கோடு, கூட விலைவாசி, கூட அந்த வருஷம் நான் புதுசா போட்டது. இன்னொண்ணு, முதலீட்டோட அன்றைய மதிப்பு. ரெண்டாவது முதலாவதைவிடப் பெருசா இருந்தா, வித்தியாசத்துல பாதியை எடுக்க எனக்கு அனுமதி. பாதி மட்டும், ஏன்னா பங்குச் சந்தை ஒரு வருஷம் கொடுக்கிறதை அடுத்த வருஷம் கேட்கும். கோட்டுக்குக் கீழே இருந்தா அந்த வருஷம் வீட்டுல சோபா மாத்துற பேச்சே கிடையாது. நிர்வாகக் குழுவுல வெளியாள் வேணுமே, அதுக்கு என் மனைவி. அவங்க கையெழுத்து இல்லாம நான் எடுக்கிறது இல்லை. இது வரைக்கும் ரெண்டு தடவை மறுத்திருக்காங்க. ஒரு தடவை அவங்க சொன்னது சரி.

உங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னா ஒரு நண்பர் போதும். ஆனா உங்களோட சேர்ந்து கோவா வர்ற நண்பர் வேண்டாம்.

நவூருவும் இப்ப புதுசா ஒரு நிதி ஆரம்பிச்சிருக்கு, 2015-ல, ஆஸ்திரேலியா, தைவான், ஆசிய வளர்ச்சி வங்கி எல்லாம் சேர்ந்து. இந்தத் தடவை வெளியாளுங்க குழுவுல இருக்காங்க, பல வருஷத்துக்கு எடுக்க முடியாதபடி பூட்டும் போட்டிருக்கு. பழைய வீடியோவை நேத்து சேனல்ல இருந்து எடுத்துட்டேன். புதுசு ஞாயிற்றுக்கிழமை வரும். தம்ப்நெயில்ல கார் இருக்காது.